தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா?

தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. மனிதருக்காகச் சொன்ன பேச்சுதான். ஆனால் பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அது இன்னும் நன்றாகப் பொருந்தும். கார் நின்று போனால் ஒரு சாமானை மாற்றுகிறோம். மறுபடியும் நின்றால் இன்னொன்றை மாற்றுகிறோம். கையில் இருக்கும் காசு கரைகிறது. கார் மட்டும் தன் குணத்தை மாற்றிக்கொள்வதில்லை.

நான் தோட்டத்துப் பட்டறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். டிராக்டர், லோரி, தண்ணீர் இறைக்கும் இஞ்சின், கிராணிமார் கார் என்று எது வந்தாலும் பிரித்துப் பார்த்துத்தான் கை வைப்பேன். சென்ற ஆண்டு வெயில் காலத்தில் என் அக்காள் வீட்டுக் காரில் ஒரு கோளாறு வந்தது. கார்புரேட்டர் காருக்கு வெளியிலிருந்து வாங்கிப் பூட்டிய மின்சாரப் பெட்ரோல் பம்பு அது. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்த விதத்தை எழுதினால் நம் மக்களில் நாலு பேருக்கு உதவும் என்று தோன்றியது. "எங்களிடம் அந்த மாதிரி கார் இல்லையே" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் சித்தப்பா வீட்டு வாசலிலோ, பக்கத்துத் தாமானிலோ ஒன்று நிற்கும்.

அத்தான் வாங்கிய சாகா

நம் நாட்டின் முதல் காரான புரோட்டோன் சாகா 1985 ஜூலை 9-ஆம் நாள் வெளிவந்தது. ஷா ஆலாம் தொழிற்சாலையில் தயாரான அந்தக் காரில் இருந்தது மிட்சுபிஷியின் 1.3 லிட்டர் இஞ்சின். கார்புரேட்டர் வைத்தது. கம்ப்யூட்டர் என்று உள்ளே எதுவும் கிடையாது. ஒரு ஸ்பேனர் பெட்டியும் ஓரளவு அறிவும் இருந்தால் வீட்டு வாசலிலேயே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளலாம். தோட்டப்புறத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார்.

என் அத்தான் பால்மரம் வெட்டியவர். 1988-ஆம் ஆண்டுச் சாகா ஒன்றை 1994-இல் பழைய காராக வாங்கினார். அந்தக் காரில்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அந்தக் காரில்தான் மூத்தவள் கல்யாணப் பெண்ணாகக் கோயிலுக்குப் போனாள். பின்னர் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். லயத்தை விட்டுச் சுங்கை சிப்புட்டில் ஒரு மலிவு விலை வீட்டுக்குக் குடிவந்தார்கள். அத்தான் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. கார் மட்டும் வாசலில் நிற்கிறது. விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் அக்காள் எழுந்து உள்ளே போய்விடுவார்.

அக்காளுக்கு இனிப்புநீர் வியாதி. அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் ஈப்போவுக்குப் போய் ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். சாலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அதிகாலையில் காரில் ஏற்றிப் போய், மதியம் ஏற்றி வருபவன் அவருடைய கடைசி மகன். எனக்கு மருமகன் முறை. இரவு வேலை முடித்து வந்த கண்ணோடு அந்தப் பிள்ளை காரை ஓட்டுகிறான். ஒரு நாள் தவறினாலும் அக்காளுக்குக் கால் வீங்கும், மூச்சு வாங்கும். ஆகையால் இது வெறும் கார்க் கதை அல்ல.

மதியத்தில் மட்டும் வரும் நோய்

அந்தக் காரில் முதலில் இருந்தது இஞ்சினே ஓட்டும் பம்பு. இஞ்சினுக்குள் சுழலும் கேம் தண்டு ஒரு சிறிய கையைத் தட்டும். அந்தக் கை, டயாப்ரம் என்னும் மெல்லிய தோலை இழுக்கும். தோல் இழுபடும்போது பின்னால் டாங்கியிலிருந்து பெட்ரோல் உறிஞ்சப்படும். பிறகு ஒரு ஸ்பிரிங் அந்தத் தோலைத் தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகும். இஞ்சின் ஓடினால் பம்பு ஓடும். இஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிடும். இந்தக் கடைசி விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வயதானால் அந்தத் தோல் கிழியும். அது கம்பெனிக் குற்றம் இல்லை. ரப்பரின் ஆயுள் அவ்வளவுதான். கிழிந்தால் பெட்ரோல் வெளியே கசியும்; அல்லது இஞ்சின் எண்ணெயோடு கலக்கும். அக்காள் வீட்டுக் காரிலும் அப்படித்தான் ஆயிற்று. ஒரு பட்டறையில் பழைய பம்பைக் கழற்றி, அந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்து, கார்புரேட்டருக்கு ஏற்ற மின்சாரப் பம்பு ஒன்றைப் பூட்டிக்கொடுத்தார்கள். தகடு வேலை சுத்தமான வேலை. குறை சொல்ல முடியாது. ஆனால் புதுப் பம்பை வைத்த இடம்? இஞ்சினுக்குப் பக்கத்திலேயே, பானெட்டுக்கு அடியில், உயரமாக.

அதற்குப் பிறகுதான் தொல்லை. காலையில் ஈப்போவுக்குப் போகும்போது கார் குதிரை மாதிரி ஓடும். மதியம் திரும்பும்போது, புறப்பட்ட 20, 25 நிமிடத்தில், செம்மோர் பக்கம் வந்ததும் இருமத் தொடங்கும். மிதிக்க மிதிக்க வேகம் குறையும். அப்புறம் நின்றுவிடும். அரை மணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

பட்டறையில் "பம்பு போய்விட்டது" என்றார்கள். இரண்டாவது பம்பு பூட்டினார்கள். இரண்டு வாரம் கூட ஆகவில்லை. அதே இடம், அதே இருமல். சுத்திகரிப்பு முடிந்து சோர்ந்து போயிருந்த அக்காள், கையில் கட்டோடு சாலையோர மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். அப்போது லோரி ஓட்டி வந்த ஒரு மலாய்க்காரர் நிறுத்தினார். பானெட்டைத் திறந்து பார்த்து, ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின்மேல் போர்த்தினார். 10 நிமிடத்தில் கார் ஓடியது. அக்காளைப் பத்திரமாகக் கூட்டிப்போ என்று மருமகனிடம் சொல்லிவிட்டுப் போனாராம். அந்தப் புண்ணியவான் பெயர் தெரியாது. ஆனால் நோய் எங்கே இருக்கிறது என்று முதலில் காட்டிக்கொடுத்தவர் அவர்தான்.

அன்று மாலை மருமகன் என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, ரெண்டாவது பம்பும் போச்சு."

"போச்சுன்னு யாரு சொன்னா? பம்பு உங்கிட்ட சொல்லுச்சா?"

"பட்டறையிலே சொன்னாங்க மாமா. இது பலமில்லாத பம்பாம். இன்ஜெக்சன் காரோட பம்பு ஒண்ணு பழைய சாமான் கடையிலே இருக்காம். அதப் போட்டா சும்மா பிச்சுக்கிட்டு ஓடுமாம். நாளைக்கு வாங்கலாம்னு இருக்கேன்."

"அதப் போட்டா காரு பிச்சுக்கிட்டு ஓடாதுடா. எரிஞ்சிக்கிட்டு ஓடும். ஞாயித்துக்கிழமை காரைக் கொண்டா. அதுவரைக்கும் உங்கம்மாவ வாடகைக் காரிலே கூட்டிக்கிட்டுப் போ" என்றேன்.

பலம் அதிகமானால் நல்லதா?

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை விளக்க வேண்டும். கார்புரேட்டருக்குள் ஒரு சிறிய கிண்ணம் உண்டு. அதில் ஒரு மிதவை. பெட்ரோல் நிறைந்ததும் மிதவை மேலே எழுந்து, ஊசி போன்ற ஒரு வால்வால் வழியை அடைத்துவிடும். நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் பந்து வேலை செய்வது போலத்தான். அந்த ஊசியால் தாங்கக்கூடிய அழுத்தம் மிகவும் குறைவு. பெரும்பாலான கார்புரேட்டர்களுக்குச் சதுர அங்குலத்துக்கு 2 முதல் 4 பவுண்டு வரை போதும்.

இன்ஜெக்சன் காரின் பம்பு அதைப் போலப் பத்து மடங்கு தள்ளும். 40 பவுண்டு என்பது அங்கே சாதாரணம். அந்த அழுத்தம் வந்தால் ஊசியால் அடைக்க முடியாது. கிண்ணம் வழியும். புகை கறுக்கும். பெட்ரோல் நாற்றம் காருக்குள் வரும். வழிந்த பெட்ரோல் சூடான புகைக்குழாயின்மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அழுத்தத்தைக் குறைக்கும் கருவி என்று கடையில் விற்கிறார்கள். ஆனால் கார்புரேட்டருக்கு என்றே செய்த பம்பு கிடைக்கும்போது யானையை வாங்கிச் சங்கிலியால் கட்டுவானேன்?

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

ஞாயிறு காலை பசியாறிவிட்டுத் தொடங்கினோம். பெட்ரோல் வேலையை வீட்டுக்குள்ளோ, கூரை தாழ்ந்த இடத்திலோ செய்யக்கூடாது. காரை வெளியே, காற்று வரும் இடத்தில் நிறுத்தினோம். இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சிகரெட், அடுப்பு, சாமி விளக்கு எதுவும் பக்கத்தில் கூடாது. தீயணைக்கும் பொடி உருளை ஒன்றைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது. தீ தண்ணீரின்மேல் மிதந்து பரவும். குழாயைக் கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிட வேண்டும்.

முதல் கேள்வி: டாங்கியில் பெட்ரோல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். டாங்கியின் அளவு காட்டும் முள் பொய் சொல்லி, பம்பை மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தது டாங்கியின் மூடி. மூடியிலோ குழாயிலோ காற்று போகும் வழி அடைத்திருந்தால் டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வர மறுக்கும். கார் இருமும்போது மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, கார் தெளிந்துவிட்டால், குற்றவாளி மூடிதான். மருமகனைக் கேட்டேன். சாலையில் மூடியைத் திறந்து பார்த்தானாம், சத்தம் இல்லை. மூடிமேல் குற்றம் இல்லை.

இரண்டாவது, காது. இந்த வகைப் பம்பு சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று அடிக்கும். அந்தக் காலத்தில் தோட்டத்து டிரெசர் கையைப் பிடித்து நாடி பார்ப்பாரே, அது போல இந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது பம்பு இறுகிவிட்டது. வேகமாக அடித்துப் பிறகு மெதுவாகிவிட்டால் கிண்ணம் நிறைந்துவிட்டது, பம்பு நலம். நிற்காமல் வேகமாகவே அடித்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றையோ ஆவியையோ இழுக்கிறது. நம் கார் காலைக் குளிர்ச்சியில் வேகமாக அடித்து, பிறகு மெதுவாகியது. ஆனால் அந்த அடியில் ஒரு சோர்வு இருந்தது. பசியோடு வேலை செய்பவன் கை போல.

மூன்றாவது, பம்பையே தனியாகச் சோதிப்பது. அதைக் கழற்றி, தடித்த வயரால் நேராகப் பேட்டரியோடு இணைத்து, ஒரு கலனிலிருந்து இன்னொரு கலனுக்கு இறைக்க விட்டோம். பேட்டரிப் பக்கம் பொறி வரும் என்பதால் பெட்ரோலைத் தூரத்தில் வைத்து, வயர் முனைகளைப் பம்பில் முதலிலேயே இறுக்கிக்கொண்டோம். சின்ன இஞ்சினுக்கு அரை நிமிடத்தில் அரை லிட்டர் வந்தால் தாராளம். நம் பம்பு அதைவிடச் சற்று அதிகமாகவே தந்தது. அழுத்தமானியில் 3 பவுண்டு காட்டியது. "பம்பு போய்விட்டது" என்று சொன்ன அந்தப் பம்பு!

மருமகன் ஒன்றும் பேசாமல் பூட்டைத் திறந்து, முன்பு கழற்றிப் போட்ட முதல் பம்பை எடுத்துவந்தான். அதையும் சோதித்தோம். அதுவும் அரை லிட்டர். அதுவும் 3 பவுண்டு.

"ரெண்டுமே நல்லா இருக்கா மாமா?"

"ரெண்டுமே நல்ல பிள்ளைங்கதான். நாம வச்ச இடந்தான் சரியில்ல."

குற்றவாளிகள் மூவர்

அடுத்து மின்சாரத்தைப் பார்த்தோம். பம்பை மீண்டும் காரில் பூட்டி, ஓடும்போதே மீட்டர் வைத்தேன். ஓடும்போது வைத்தால்தான் உண்மை தெரியும். சும்மா இருக்கும் வயரில் 12 வோல்ட் காட்டும். வேலை கொடுத்தால்தான் பலவீனம் வெளிப்படும். பேட்டரியில் 12.5 வோல்ட். பம்பின் முனைகளில் 9.7. நடுவில் 2.8 வோல்ட் எங்கே போயிற்று?

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும், மறுமுனையைப் பம்பின் கறுப்பு வயரிலும் வைத்தேன். அங்கே ஒன்றும் காட்டக்கூடாது, 1.2 வோல்ட் காட்டியது. காரணம், அந்த வயரைப் பெயின்ட்டைச் சுரண்டாமலே காரின் தகட்டில் ஸ்குரூ வைத்து முடுக்கியிருந்தார்கள். மீதி 1.6 வோல்ட் வரும் வழியில் தொலைந்தது. இக்னிஷன் காயிலுக்குப் போகும் வயரிலிருந்தே மெல்லிய வயர் ஒன்றைக் கிள்ளி எடுத்திருந்தார்கள். ஒரு சோற்றை இரண்டு பேர் தின்றால் இருவர் வயிறும் நிறையாது. பம்புக்கும் பலமில்லை, பொறிக்கும் பலமில்லை. இது முதல் குற்றவாளி.

அடுத்தவன் வெளியே தெரியாதவன். பம்புக்கு முன்னால் கண்ணாடி போல உள்ளே தெரியும் ஒரு பில்டரைத் தற்காலிகமாக வைத்து இஞ்சினை ஓட்டினோம். குளிர்ச்சியிலேயே சிறு சிறு குமிழிகள் வந்தன. இளநீரைக் குழல் வைத்துக் குடிக்கும்போது குழலில் ஓட்டை இருந்தால் என்ன வரும்? பாதி காற்றுதான் வரும். ஆனால் குழலிலிருந்து ஒரு சொட்டும் வெளியே சிந்தாது. அதேதான் இங்கேயும். டாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சும் பகுதி. அங்கே விரிசல் இருந்தால் பெட்ரோல் சொட்டாது. காற்று உள்ளே போகும். காருக்கு அடியில் படுத்துத் தடவிப் பார்த்ததில், டாங்கி அருகில் பழைய ரப்பர் டியூப் வளையும் இடத்தில் நகத்தை வைத்தால் பிளந்தது. வெளியே சொட்டாத ஓட்டையைத்தான் யாரும் தேடுவதில்லை.

மூன்றாவது, இடமும் வெயிலும். காரை ஓட்டிச் சூடாக்கி வந்து பில்டரைப் பார்த்தோம். சூட்டில் எந்தக் குழாயையும் கழற்றவில்லை. கண்ணால் மட்டும் பார்த்தோம். கஞ்சி கொதிப்பது போலக் குமிழிகள். பெட்ரோல் பல பொருள்கள் கலந்தது. அதில் இலேசானவை நம் மதிய வெயில் அளவுச் சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கும். உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைவதால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். பம்பு இருப்பதோ இஞ்சின் பக்கத்தில், டாங்கி இருப்பதோ காரின் பின்னால். அவ்வளவு தூரம் உறிஞ்சி, இஞ்சின் சூட்டில் கொதித்து, பம்புக்கு வந்து சேர்வது ஆவி. திரவத்தைத் தள்ளச் செய்த பம்பால் ஆவியைத் தள்ள முடியாது. காலையில் ஓடி மதியத்தில் நின்றதும், ஈரத்துணி போட்டதும் ஓடியதும் இதனால்தான்.

ஒவ்வொரு குற்றமும் தனியாக வந்திருந்தால் கார் எப்படியோ தள்ளாடி வீடு வந்திருக்கும். மூன்றும் மதிய வெயிலில் ஒன்று சேர்ந்தபோதுதான் நின்றது. மூன்றாவது பம்பு, நான்காவது பம்பு என்று மாற்றிக்கொண்டே போயிருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றும் தீர்ந்திருக்காது.

என்னைப் பயமுறுத்திய சத்தம்

இவ்வளவும் பார்த்து முடித்தபோது இன்னொன்றைக் கவனித்தேன். இஞ்சின் அடங்கிவிட்டது. சாவி மட்டும் 'ஆன்' பக்கம் இருந்தது. அந்த அமைதியில் பம்பு மட்டும் 'டிக்... டிக்...' என்று அடித்துக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தம் எனக்கு நல்லதாகப் படவில்லை. இஞ்சின் ஓட்டும் பழைய பம்பு, இஞ்சின் நின்றால் தானும் நிற்கும் என்று சொன்னேனே. மின்சாரப் பம்புக்கு அந்தப் புத்தி கிடையாது. சாவி திறந்திருக்கும் வரை தள்ளிக்கொண்டே இருக்கும். விபத்து ஒன்று நடந்து, இஞ்சின் நின்று, பெட்ரோல் குழாயும் அறுந்துபோனால்? அடிபட்ட மனிதன் சாவியை மூடுவானா? பம்பு டாங்கியில் உள்ள பெட்ரோலையெல்லாம் சூடான இஞ்சின்மேல் இறைத்துக்கொண்டிருக்கும். பின் இருக்கையில் என் அக்காள். கதவைத் திறந்து ஓடக்கூடிய உடம்பா அது? கார் நடுவழியில் நிற்பது ஒரு தொல்லை, அவ்வளவுதான். இதுவோ உயிர்.

ஆகவே மின்சாரப் பம்பு பூட்டும் எந்தக் காருக்கும், இஞ்சின் நின்றால் பம்பை நிறுத்தும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும். அதற்கு வழிகள் உண்டு. இஞ்சின் சுற்றும்போது காயிலில் வரும் துடிப்பை உணர்ந்து, துடிப்பு நின்றதும் பம்பை நிறுத்தும் ரிலே ஒன்று. எண்ணெய் அழுத்தம் இருந்தால் மட்டும் பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச் இன்னொன்று. ஆனால் நம் முன்னே சிவப்பு விளக்கு எரிய வைக்கும் சாதாரண எண்ணெய் சுவிட்ச் இதற்கு உதவாது. அது நேர்மாறாக வேலை செய்வது. இவற்றோடு, கார் மோதினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றையும் சேர்த்துப் பூட்டலாம். சாதாரண ரிலே மட்டும் போட்டுவிட்டு "பாதுகாப்பு வைத்துவிட்டோம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். அது பம்புக்கு நல்ல மின்சாரம் தரும். இஞ்சின் நின்றதை அறியாது.

சரிசெய்த விதம்

பம்பைக் காரின் பின்பக்கம், டாங்கிக்கு அருகில், டாங்கியின் அடிமட்டத்தை ஒட்டித் தாழ்வாக, புகைக்குழாய்க்கு எதிர்ப்பக்கத்தில் மாற்றினோம். கல் அடிக்காமல் ஒரு தகடு மறைப்பு. இந்த வகைப் பம்புக்கு இழுப்பதைவிடத் தள்ளுவது எளிது. தள்ளும்போது குழாய்க்குள் அழுத்தம் கூடுவதால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கவும் கொதிக்காது. பம்புக்கு முன்னால் ஒரு பில்டர் வைத்தோம். பழைய டாங்கியின் துரு பம்பை அரிக்கக்கூடாதல்லவா? ரப்பர் டியூப் முழுவதையும் பெட்ரோலுக்கென்று விற்கும் புது டியூபாக மாற்றி, கிளிப் போட்டோம். தண்ணீர் டியூபைப் போடுபவர்களும் இருக்கிறார்கள். பெட்ரோல் அதைக் கரைத்துவிடும்.

மின்சாரத்துக்குப் பேட்டரியிலிருந்து தனி வயர். பேட்டரிக்கு மிக அருகில் 5 ஆம்பியர் பியூஸ். அதிலிருந்து, இஞ்சின் துடிப்பை உணரும் ரிலே. அங்கிருந்து தடித்த வயர் பின்னால் பம்புக்கு. கறுப்பு வயருக்குப் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் முடுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். இக்னிஷன் காயிலின் வயரை மறுபடியும் அதற்கே விட்டுவிட்டோம். பிறகு மீட்டர் வைத்தேன். பேட்டரியில் 12.5, பம்பில் 12.1.

பம்பு? அதே இரண்டாவது பம்புதான். முதல் பம்பைத் துடைத்து, பழைய துணியில் சுற்றிப் பூட்டுக்குள் உபரியாக வைத்தான் மருமகன்.

திங்கட்கிழமை அக்காளுக்கு ஓய்வு நாள். நாங்கள் இருவர் மட்டும், கொளுத்தும் மதியம் ஒரு மணிக்கு ஈப்போவிலிருந்து புறப்பட்டோம். அதற்கு முன் வேண்டுமென்றே காரை 2 மணி நேரம் வெயிலில் நிறுத்தியிருந்தோம். செம்மோர் வந்தது. மருமகன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. கார் இருமவில்லை. சுங்கை சிப்புட் வரை வந்து, திரும்பி ஈப்போ போய், மறுபடியும் வந்தோம். பிறகு வீட்டு வாசலில் இஞ்சினை ஓடவிட்டு, காயில் வயரை மட்டும் கழற்றினேன். இஞ்சின் நின்றது. காதை வைத்துக் கேட்டேன். இரண்டு மூன்று விநாடியில் பம்பும் அடங்கியது. அந்த அமைதியைக் கேட்ட பிறகுதான் அக்காளைச் செவ்வாய்க்கிழமை அந்தக் காரில் ஏறச் சொன்னேன்.

"தம்பி, எவ்வளவு செலவாச்சு?" என்று அக்காள் கேட்டார். வயர், டியூப், ரிலே எல்லாம் சேர்த்து ஒரு பம்பின் விலைகூட வரவில்லை என்றேன்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

நம் மக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பட்டறைக்காரர் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டிவிடுவோம். கேள்வி கேட்டால் அவர் கோபிப்பார் என்று நினைக்கிறோம். நல்ல மெக்கானிக் கோபிக்கமாட்டார், கேட்பவரை மதிப்பார். உங்கள் காரில் மின்சாரப் பம்பு பூட்டச் சொன்னால் இவற்றைக் கேளுங்கள்.

இது கார்புரேட்டருக்கு உரிய பம்பா, அழுத்தம் எத்தனை பவுண்டு? பம்பை எங்கே வைக்கப் போகிறீர்கள்? டாங்கிப் பக்கத்திலா, இஞ்சின் பக்கத்திலா? மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறீர்கள்? பியூஸ் உண்டா? இஞ்சின் நின்றால் பம்பு நிற்குமா? நின்றதை எனக்குக் காட்டுவீர்களா? பழைய பம்பைக் கழற்றிவிட்டீர்களா? கிழிந்த பழைய பம்பு வழியாகவே புதுப் பம்பின் பெட்ரோலை விட்டால், அது இஞ்சின் எண்ணெயில் கலந்து இஞ்சினையே தின்றுவிடும். எண்ணெய்க் குச்சியை இழுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் காரை ஓட்டாதீர்கள். சில கார்களில் கார்புரேட்டரிலிருந்து டாங்கிக்குப் பெட்ரோல் திரும்பிப் போகும் குழாய் ஒன்று இருக்கும். அதை அடைத்துவிடவும் விடாதீர்கள். ஆவி வெளியேற அதுவே வழி.

பம்பு போய்விட்டது என்று சொன்னால், "அரை நிமிடத்தில் எவ்வளவு இறைக்கிறது, ஓடும்போது எத்தனை வோல்ட்?" என்று கேளுங்கள். அளந்து பார்த்துச் சொன்னால் காசைக் கொடுங்கள். அளக்காமல் சொன்னால் பழைய பம்பையும் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அது நல்ல பம்பாகவே இருக்கலாம்.

பெட்ரோல் வேலை தெரியாத பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே குழாயைக் கழற்ற வேண்டாம். தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தோட்டங்களில் பட்டறை வேலை பார்த்து ஓய்ந்த கைகள் இன்னும் எத்தனையோ தாமான்களில் சும்மா இருக்கின்றன. கூப்பிட்டால் சந்தோஷமாக வருவார்கள். ஒரு கோப்பித் தண்ணி கொடுத்தால் போதும்.